‘போதும்’ என்று ஒரு பெயர்

என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ‘போதும்’ என்ற சொல் அதற்குள் இருக்கிறது என்று மட்டும் சொன்னால், தமிழ் வாசிப்பவர்களுக்குப் புரிந்துவிடும். வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் அடுத்ததும் பெண்ணாகப் போய்விட்டால் வைக்கிற பெயர். குழந்தையைக் கூப்பிடத்தான் வைக்கிறார்கள். ஆனால் அது கடவுளின் காதில் விழ வேண்டும் என்பதற்காக வைப்பது. நான் நான்காவது பெண். எனக்கு அடுத்துத் தம்பி பிறந்தான். “பேரு பலிச்சிருச்சு” என்று தெருவே சொன்னது. பலித்த பிறகாவது மாற்றியிருக்கலாம். ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயர் வந்ததும் பின்வரிசைப் பையன்கள் “போதும் சார், நிறுத்துங்க சார்” என்பார்கள். ஆசிரியரும் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். போர் நடந்த காலத்தில் தமிழ்நாட்டு அகதிகள் முகாமில் வளர்ந்து, எங்கள் ஊர்ப் பக்கம் சுவர்களுக்கு வர்ணம் அடிக்க வந்தவர். அவர்கள் பேச்சில், தட்டில் சோறு விழும்போது “போதும்” என்பதற்குப் பதில் “காணும்” என்பார்கள். நாங்கள் சொல்லும் சொல்லின் பொருள் அவருக்கும் தெரியும்தான். ஆனால் அது அவர் வாயிலிருந்து நாளுக்குப் பத்து முறை வராது. அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

அவர் முதலில் சுவிஸுக்கு வந்து, வதிவிட அனுமதி கிடைத்ததும் என்னை அழைத்துக்கொண்டார். அப்போது ஆரா நகரில் மூத்த மகனோடு இருந்த மாமியார், நான் விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கிய அன்றே என் பெயரைக் கேட்டார். சொன்னேன். “உந்தப் பேரை இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை” என்றார். அந்த இடத்திலேயே ஒரு அம்மன் பெயரை எனக்கு வைத்தார். கோயிலில், தமிழ்க் கடையில், கலியாண மண்டபத்தில் எல்லாம் இன்றுவரை நான் அந்த அம்மன்தான். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்.

பிறகு, பிரெஞ்சு பேசும் லா ஷோ-து-ஃபோன் நகருக்கு வந்தோம். கணவருக்குப் பெயின்ட் வேலை, எனக்குக் கைக்கடிகார டயல் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. கண்ணில் லூப் என்கிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டயலில் கீறலோ தூசியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே என் பெயரைப் பிரெஞ்சு பேசுகிறவர்கள் சொல்லும் விதமே வேறு. கடைசி எழுத்தை இழுத்து, உதட்டைக் குவித்துச் சொல்வார்கள். ஏதோ விலை உயர்ந்த சென்ட்டின் பெயர் போல இருக்கும். பக்கத்து மேசையில் இருந்த மூத்த பெண்மணி, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், “எவ்வளவு அழகான பெயர்” என்று முதல் வாரமே சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அப்படிச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி முன் நின்று, அவரைப் போலவே உதட்டைக் குவித்து என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

என் இடது பக்கத்து மேசைக்கு ஒரு ஜப்பானியப் பெண் வந்து சேர்ந்தாள். இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். எனக்கு இரண்டு வயது இளையவள். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அதனாலேயே ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகப் புரிந்தது. மதியம் எல்லோரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைக்கும்போது, நாங்கள் இரண்டு பேரும் சோற்று டப்பாவைத் திறப்போம். என் புளிக்குழம்பு அவளுக்குப் பிடிக்கும். அவளுடைய ஊறுகாய் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சாப்பிட்டுவிடுவேன்.

அவள் கர்ப்பமானாள். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்த பிறகுதான் எங்களிடம் சொன்னாள். பெண் குழந்தை என்று தெரிந்ததும், கஃபெட்டேரியாவில் பேச்செல்லாம் பெயரைப் பற்றித்தான். அவர்கள் நாட்டில் பெயர் வைப்பது எப்படி என்று மூத்த பெண்மணி கேட்க, அவள் பேனாவை எடுத்துக் காகிதக் கைக்குட்டையில் எழுதிக் காட்டினாள்.

“ஹரு என்று வைத்துக்கொள். காதுக்கு ஒரே ஒலிதான். ஆனால் எழுதும்போது நான்தான் எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி எழுதினால் வசந்த காலம். இப்படி எழுதினால் மழை விட்டு வெளுத்த வானம். இது ரொம்ப தூரம். இது வெயில்.”

ஒரே பெயருக்கு நான்கு உருவங்கள் கைக்குட்டையில் வரிசையாக நின்றன. மை ஊறிப் பரவியது. எழுத்தில் உள்ள கோடுகளைக் கூட்டிப் பலன் பார்க்கிறவர்களும் உண்டாம். அவளுடைய அம்மா அங்கிருந்து போனில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். எல்லா எழுத்தையும் வைத்துவிட முடியாது, அரசாங்கம் அனுமதித்த எழுத்துகளுக்குள்தான் வைக்க வேண்டுமாம். இங்கே சுவிஸ் பதிவில் இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் ஏறும், பொருள் எதுவும் ஏறாது. பொருள் உள்ள பெயரை அவளுடைய நாட்டுத் தூதரகத்தில் தனியாகப் பதிய வேண்டும். அவர்கள் ஒரு குழந்தைக்கு இரண்டு முறை பெயர் வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. முதலில் காதுக்கு, பிறகு கண்ணுக்கு.

எல்லோரும் தங்கள் பெயரை எழுதித் தரச் சொன்னார்கள். என் முறை வந்தது.

“ஒலியை வைத்தும் எழுதலாம், பொருளை வைத்தும் எழுதலாம். உன் பெயருக்கு என்ன பொருள்?”

“தெரியாது. பழைய சொல்” என்றேன்.

அவள் ஒலியை வைத்து மூன்று எழுத்துகள் எழுதினாள். தானியக் கதிர், ஏறுவது, கனவு. கதிர் முற்றிய வயலில் மேடேறிப் போகிற கனவு என்று வைத்துக்கொள், என்று சிரித்தாள். அந்தக் கைக்குட்டையை மடிக்காமல் எடுத்துப் போய், லாக்கர் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தேன். காலையில் வெள்ளைக் கோட்டு மாட்டும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன்.

குளிர்காலம் தொடங்கியபோது எங்கள் பிரிவுக்கு ஒரு தமிழர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கிழக்கிலங்கைக் குடும்பம், ஜெனீவாவில் சின்ன வயதிலிருந்து வளர்ந்தவர், அதனால் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். “அக்கா, நீங்கள் தமிழோ? இஞ்ச நம்மட ஆள் ஒருத்தரும் இல்லை எண்டெல்லோ நினைச்சன்” என்று ஓடி வந்தார். நல்ல மனுஷர். அதை இப்போதும் சொல்வேன்.

மறுநாள் ஒன்பது மணிக் காப்பிக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவர் என் கோட்டில் குத்தியிருந்த பெயரட்டையைப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து, அதனால் முதலில் பிடிபடவில்லை. உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். பிறகு சிரிப்பு அவரை மீறி வந்துவிட்டது.

“அக்கா! இதென்ன பேரக்கா? உண்மையா உங்கட பேரோ?”

என்ன, என்ன என்று மூத்த பெண்மணி கேட்டார். அந்தத் தமிழர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதையும் அவர் படித்திருக்க முடியாது, நான் புன்னகைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புன்னகையைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

“ஸா சுஃபி” என்றார். பிரெஞ்சில் ‘போதும், நிறுத்து’. குழந்தைகளை அதட்டும்போது இங்கே எல்லா அம்மாவும் சொல்வது.

மேசையே குலுங்கிச் சிரித்தது. கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். “அப்படியென்றால் மேலாளர் உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் வேலையை நிறுத்தச் சொல்கிறார்!” என்றார் ஒருவர். ஏன் அப்படி வைத்தார்கள் என்று இன்னொருவர் கேட்டார். தமிழர் விளக்கினார். பெண் பிள்ளைகள் நிறையப் பிறந்தால், இனி வேண்டாம் என்பதற்காகத் தமிழ்நாட்டில் சில ஊர்களில் இப்படி வைப்பார்களாம் என்று. சிரிப்பு அடங்கியது. மூத்த பெண்மணி தன் கையை என் கைமேல் வைத்தார்.

சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. அதைவிட, எல்லோரும் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை இன்றுவரை தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். பின்வரிசைப் பையன்களிடம் பழகிய வாய், தானாகவே சிரித்துவிட்டது.

ஜப்பானியத் தோழி சிரிக்கவில்லை. காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து லாக்கரைத் திறந்தபோது மூன்று எழுத்துகளும் என்னைப் பார்த்தன. கதிரும் கனவும் ஏற்றமும். கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அவள் பேருந்து நிறுத்தத்தில் எனக்காக நின்றிருந்தாள். பனி பெய்து விட்டிருந்தது. நிறுத்தத்தை ஒட்டிய குட்டைச் சுவரில் கை உயரத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது. அவள் கையுறையைக் கழற்றி, விரலால் அந்தப் பனியில் ஒரு எழுத்து எழுதினாள். மேலே ஏதோ கிறுக்கல், கீழே நான்காகப் பிரிந்த ஒரு கட்டம். அந்தக் கட்டம் வயல் என்று அவள் முன்பே சொல்லித் தந்திருந்தாள்.

“இது என் பெயரின் முதல் எழுத்து. ரு என்று படிக்கலாம். பொருள், நிற்பது, நிறுத்துவது” என்றாள்.

அவள் மூன்றாவது பெண். அவளுடைய அம்மா ஆசைப்பட்டது வேறு எழுத்தாம். அதே எழுத்தின் இடது பக்கம் நான்கு கோடு சேர்த்துக் காட்டினாள். இப்போது அது நீலக்கல். அதையும் ரு என்றுதான் படிக்க வேண்டும். அப்பா நகர அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தபோது, அந்த நான்கு கோடுகள் இல்லை. அம்மா கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்றாராம். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு விருந்தில், அத்தை சிரித்துக்கொண்டே சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்: இதோடு நிற்கட்டும் என்று உன் அப்பாதான் கல்லை எடுத்துவிட்டான்.

“அங்கே யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். சாதாரண எழுத்து, பலர் பெயரில் இருக்கிறது. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறை கையெழுத்துப் போடும்போதும் தெரியும்.”

“பிறகு தம்பி பிறந்தானா?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“இல்லை. யாருமே பிறக்கவில்லை.”

“எனக்குப் பிறந்தான்” என்றேன்.

இரண்டு பேரும் ஏன் சிரித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. பேருந்து வந்துவிட்டது. அவளுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் இருந்தால், அந்த வயிற்றோடு குளிரில் நின்று அதைச் சொல்லியிருப்பாள்? ஆனால் பேருந்தில் உட்கார்ந்து நான் நினைத்தது இதுதான்: உனக்கு நான்கு கோடு சேர்த்தால் சரியாகிவிடும். எனக்கு எந்தக் கோட்டைச் சேர்த்தாலும் அதே ஒலி, அதே பொருள். தமிழில் காதுக்குத் தப்பிக்க எழுத்துக்கு வழி கிடையாது. அவளிடமிருந்த அந்த வசதி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆறுதல் சொல்ல வந்தவள்மேல் பொறாமைப்படுகிறேனே என்று அதற்கும் கூசியது.

அந்த வாரக் கடைசியில் அந்தத் தமிழர், கோயிலில் மனைவியோடு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். “அக்கா, குறை நினையாதேங்கோ. நான் யோசிக்காமக் கதைச்சிட்டன். வீட்ட வந்து சொன்னா இவ என்னைக் கிழிச்சிட்டா” என்றார். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்த அம்மன் பெயரில் என்னை அறிந்திருந்தாரோ, அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த பெயரை இப்போது அவரும் அறிந்திருந்தார். “பரவாயில்லை தம்பி” என்றேன். அவர் மன்னிப்புக் கேட்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட ஐயரிடம் என் பெயரைச் சொல்லாமல், மகள் பெயரை மட்டும் சொன்னேன்.

வீட்டில் கணவரிடம் பெயரை மாற்றப்போகிறேன் என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் யோசித்தார்.

“உம்மட விருப்பம்தான். ஆனா கன்டோன் அரசாங்கத்துக்குக் காரணம் எழுதவேணும். சும்மா பிடிக்கேல்லை எண்டு சொன்னா விடமாட்டினம்.”

“காரணம் இருக்குங்க.”

“அதை ஆர் எழுதுறது?”

அதுதான் சிக்கல். எங்கள் வீட்டில் பிரெஞ்சுக் கடிதம் எழுதுகிறவள் பதினான்கு வயது மகள். வாடகை வீட்டுக்காரருக்கும், காப்பீட்டுக்கும், பள்ளிக்கும் அவள்தான் எழுதுவாள். அவளுக்கு என் பாஸ்போர்ட் பெயர் தெரியும், பொருள் தெரியாது. அவள் பேசுவது அப்பாவின் தமிழ். காரணத்தை அவள் கையால் எழுத வைக்க வேண்டும். அதை நினைத்தே கடிதத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

பனி கரையத் தொடங்கிய காலத்தில் தோழிக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். குழந்தை அவள் மார்பில் தூங்கியது. தலை நிறையக் கறுப்பு முடி. ஆசிரியர், அவளுடைய கணவர், ஜன்னலோரம் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். சின்னப் பெயர், கேட்க இனிமையாக இருந்தது. அதில் ரு இருந்தது.

“கல்லோடுதானே?” என்றேன்.

“இல்லை. கல் இல்லாமல்.”

மேசையிலிருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். அழகான கையெழுத்தில், அதே கிறுக்கல், அதே வயல். இடது பக்கம் வெறுமை.

எனக்குள் என்ன ஏறியது என்று தெரியவில்லை. “உனக்குப் பைத்தியமா?” என்று கேட்டுவிட்டேன். “உன் அப்பா உனக்குச் செய்ததை நீயே உன் மகளுக்குச் செய்கிறாயா? கல்லை வைக்க உனக்குக் கை வரவில்லையா? அவள் பெரியவளாகி உன்னை என்ன நினைப்பாள்?” என் அரைகுறைப் பிரெஞ்சில் கோபத்துக்கு மட்டும் வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. ஆசிரியர் தண்ணீர்க் குவளையோடு திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக வெளியே போனார்.

அவள் கோபப்படவில்லை. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். “இதற்கு முன்னால் ஒன்று வந்தது. ஐந்தாவது மாதத்தில் போய்விட்டது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நீ வேலைக்கு வராத கோடை விடுமுறையில். யாருக்கும் சொல்லவில்லை. இவள் வயிற்றில் இருந்த நாளெல்லாம் நான் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரு, போய்விடாதே, இரு என்று. அதற்கு எங்களிடம் இதைவிட நல்ல எழுத்து இல்லை. அப்பா எழுதியபோது அது ‘நில்’. நான் எழுதும்போது ‘இரு’. இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.”

பிறகு, “இவள் கேட்டால் நானே சொல்வேன். அத்தை சொல்லித் தெரிய வேண்டாம்” என்றாள்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு கீழே போய்விட்டால் தேவலை போல இருந்தது. இரண்டு ஆண்டுகளாகப் பக்கத்து மேசையில் இருந்தவள். அந்தக் கோடைக்குப் பிறகு அவள் மெலிந்திருந்ததைப் பார்த்து, ‘டயட்டா?’ என்று நான் கேட்டது நினைவுக்கு வந்தது. அதற்கும் அவள் சிரித்துத் தலையாட்டியிருந்தாள். மன்னித்துக்கொள் என்றேன். குழந்தையை என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். குழந்தையிடம் தமிழில் ஏதோ உளறினேன்.

அன்று மாலையே மகளிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்காக. பெயரைப் பிரித்துப் பொருள் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நிறுத்திக்கொண்டாள்.

“நான் அது ஏதோ சாமிப் பேர் எண்டு நினைச்சன்.”

“சாமிக்குச் சொன்ன பேருதான்.”

“அம்மம்மா உங்களை இந்தப் பேர் சொல்லியே கூப்பிட்டவா? ஒவ்வொரு நாளும்?”

“ஆமா.”

“சாப்பிட வரச் சொல்லியும்?”

“ஆமாடி.”

“போதும், சாப்பிட வா எண்டோ?”

இந்த முறை இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெங்காயம் வேறு. சிரித்து முடித்ததும் அவள் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கடிதம் எழுத உட்கார்ந்தாள். காரணத்தை நான் சொல்லச் சொல்ல, என்னைவிட நல்ல சொற்களில் எழுதினாள். பாதியில், “அம்மா, புதுப் பேர் என்ன எண்டு போடவேணும்” என்றாள்.

மாமியார் வைத்த அம்மன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதுவும் என்னை மூடி வைக்க வைத்த பெயர்தானே என்று தோன்றியது. வேறு எதுவும் வரவில்லை. ஒரு பெயரைச் சொல்லுங்கோ, எது எண்டாலும், என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். மகளுக்குப் பெயர் வைத்தபோது இரண்டு மாதம் தேடியவள் நான். எனக்கென்று ஒன்றைச் சொல்ல முடியாமல், அவள் முன்னால் பள்ளிப் பிள்ளை போல முழித்துக்கொண்டிருந்தேன். “அம்மம்மாட்டக் கேளுங்கோவன், ஏன் வச்சவா எண்டு” என்று சொல்லிவிட்டு அவள் கணினியை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். நாற்பது வருடத்தில் கேட்டிராத கேள்வி. நலம் விசாரித்து, மழையை விசாரித்து, தம்பி குடும்பத்தை விசாரித்த பிறகு கேட்டேன்.

“ஏம்மா எனக்கு இந்தப் பேரு வெச்சீங்க?”

“இப்ப என்னடி அதுக்கு? அங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“அப்பாதானே வெச்சாரு?”

“உங்கப்பனா? நாலாவதும் பொண்ணுன்னதும் அந்தாளு ஆஸ்பத்திரிப் பக்கமே வரலை. நான்தான் வெச்சேன்.”

அம்மாவே தொடர்ந்தாள்.

“நீ பொண்ணாப் பொறந்துட்டேன்னா வெச்சேன்? எனக்குப் போதும்னு வெச்சேன். உன்னைப் பெத்தப்ப ரத்தமாப் போச்சு. பொழைக்க மாட்டேன்னுட்டாங்க. நர்ஸம்மா ஆபரேஷன் பண்ணிக்கன்னு சொல்லுச்சு. வீட்ல விடலை. பையன் வேணுமாம். எனக்கு முடியலைன்னு வாயத் தொறந்து சொன்னா யாரு கேக்கறா? அதான் உன் பேருல சொன்னேன். உன்னைக் கூப்புடறப்பல்லாம் அவங்க காதுல விழட்டும்னு.”

“விழுந்துச்சா?”

“எங்க விழுந்துச்சு? அடுத்த வருஷமே உன் தம்பி.”

கரன்ட் போய்வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, “வைக்கிறேன்டி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

அம்மா சொன்னதை முழுக்க நம்புகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பெரிய அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அப்பாதான் வெச்சாருன்னு நெனைக்கிறேன்” என்றாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. நான் வருத்தப்படுகிறேன் என்று தெரிந்து, அந்த நிமிடத்தில் அம்மா கட்டிச் சொன்ன கதையாகவும் இருக்கலாம். அம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. ஆனால் ரத்தம் போனது பொய்யாக இருக்காது. ஐந்து பிரசவம் பொய்யில்லை. தம்பி பிறந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயதுகூட ஆகியிருக்காது என்று அன்றுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெயரில் என்னைத் தவிர இன்னொருத்தியும் இருக்கலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. பையன்கள் சிரித்ததும், கஃபெட்டேரியாவில் சிரித்ததும், ஐயர் முன்னால் வாயை மூடிக்கொண்டதும்தான் என் நினைவில் இருந்தன. எனக்கு நேர்ந்த அவமானமாகவே அதை வைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்துவிட்டேன்.

கடிதம் அனுப்பப்படவில்லை. புதுப் பெயருக்கான இடம் காலியாக, மகளின் கணினியில் இருக்கிறது. அவள் அவ்வப்போது நினைவூட்டுவாள். பார்க்கலாம் என்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவைக் கூப்பிட்டேன். தம்பி மகனுக்குக் காய்ச்சல், மோட்டார் ரிப்பேர், பக்கத்து வீட்டில் கல்யாணம் என்று பேசினாள். பெயரைப் பற்றிய பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அதைத் தொட்டால் அவள் பட்டது முழுவதையும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். இத்தனை வருடம் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது போய்க் கேட்க, எனக்கு இன்னும் முகம் வரவில்லை.